கால் எரிச்சல் தானா நின்னுட்டா நல்லதா? சர்க்கரை நோயும் நரம்பு வலியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்தது.)

போன எபிசோடில் வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்ப்பதைப் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த குரல் பதிவுகளில் பாதிக்கு மேல் சர்க்கரை அளவைப் பற்றியே இல்லை. எல்லாம் கால் பற்றித்தான். எரிச்சல், குத்தல், மதமதப்பு, ராத்திரி தூக்கம் போச்சு, இப்படி.

அதில் எங்க ஊர் ஏரல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி அனுப்பியிருந்த கேள்விதான் இந்த எபிசோடுக்கே காரணம். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "தம்பி, ரெண்டு வருஷமா ராத்திரியானா காலு ரெண்டும் காந்தும். ஈரத்துணியச் சுத்திக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப ஒரு ஆறு மாசமா ஒண்ணும் இல்ல. மாத்திரையையும் விட்டுட்டேன். சரியாப் போச்சுன்னு எடுத்துக்கிடலாமா?"

நல்ல கேள்வி. பதில் ரெண்டு விதமா இருக்கலாம். நரம்பு தேறியிருக்கலாம். இல்லைன்னா, நரம்பு பேசுவதையே நிறுத்தியிருக்கலாம். இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்: வலி இல்லை. ஆனால் ஒன்று நல்ல செய்தி, இன்னொன்று காலையே இழக்கிற பாதையின் தொடக்கம். இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, வலி இருக்கிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

வழக்கம்போல ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுகிறவன். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

வலிக்கு நம்ம ஊரில் எத்தனை பெயர்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம்ம ஆட்கள் "கால் வலிக்கு" என்று முடித்துவிடுவார்கள். வீட்டுக்குள் பேசும்போது மட்டும் அத்தனை துல்லியம். "காந்துது", "சுருக்கு சுருக்குன்னு குத்துது", "எறும்பு ஊருது", "கரண்டு அடிக்கிற மாதிரி வெட்டுது", "போர்வை பட்டாலே கூசுது". இதெல்லாம் ஒரு கூட்டம். அதாவது, இல்லாத ஒன்றை நரம்பு இருப்பதாகச் சொல்கிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "மதமதன்னு இருக்கு", "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டு போனதே தெரியல". இங்கே, இருக்கிற ஒன்றை நரம்பு சொல்லாமல் விடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், ஒரே ஆளுக்கு ஒரே காலில் இரண்டும் இருக்கும். "தொட்டா தெரியல, ஆனா எரியுது" என்று எங்க ஆச்சி சொல்லும்போது வீட்டில் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். அது எப்படி ரெண்டும் இருக்கும்னு. இருக்கும். மருத்துவத்தில் அதற்குச் சரியான விளக்கம் இருக்கிறது. அதனால் டாக்டரிடம் "வலி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், வீட்டில் சொல்கிற அதே சொற்களில் சொல்லுங்கள். எரிச்சலும் கூச்சமும் மதமதப்பும் மூட்டு வலியின் அடையாளங்கள் இல்லை, நரம்பின் அடையாளங்கள். அந்த ஒரு வரியிலேயே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? சென்னையில் நடந்த 'கியூர்ஸ்' என்ற பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. நான்கில் ஒருவர். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. இரண்டையும் சேர்த்து யோசித்தால் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று தெரியும். இன்னொன்று: இந்த நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவும் உணராமலேயே இருக்கக்கூடும். வலி வந்தவருக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைத்தது. வலியே வராதவருக்கு அதுவும் இல்லை.

ஏன் காலில் ஆரம்பிக்கிறது

உடம்பிலேயே நீளமான நரம்பிழைகள் கால் விரல் நுனிக்குப் போகிறவைதான். இழையின் தாய்ச்செல் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து பெருவிரல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அந்த இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் தாய்ச்செல்லில் தயாராகி, இழை வழியாகவே கடைசி முனைக்குப் போக வேண்டும். நம்ம வாய்க்கால் மாதிரி யோசியுங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே. அதேதான்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் இரண்டு கெடுதல் நடக்கிறது. நரம்புக்குள் நடக்கும் வேதியியலே கெடுகிறது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்குழாய்களும் கெடுகின்றன. கூடவே கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால் இரண்டு கால் விரல்களிலும் ஒன்றுபோல ஆரம்பித்து, பாதம், கணுக்கால் என்று சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில் கை விரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

கெட்டுப்போகிற நரம்பு உடனே செத்துவிடுவதில்லை. நடுவில் ஒரு காலம், தேவையில்லாமல் தானாகவே சிக்னல் அனுப்பும். இன்சுலேஷன் உரிந்த வயர் பொறி பறக்கவிடுகிற மாதிரி. அந்தப் பொறிதான் எரிச்சல், குத்தல். பிறகு இழை முழுவதும் பட்டுப்போனால் சிக்னலே இல்லை. ஒரு பாதத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. சில பொறி பறக்க, சில பட்டுப்போயிருக்க, ஆச்சி சொன்ன "தொட்டா தெரியல, ஆனா எரியுது" சாத்தியமாகிறது.

என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். சர்வர்களைக் கவனிக்க ஒரு மானிட்டரிங் வைத்திருப்போம். ஒரு வகைக் கோளாறில் அது ராத்திரி பூரா பொய் அலர்ட் அடித்து எழுப்பும். இன்னொரு வகையில் மானிட்டரிங்கே செத்துப்போகும். அப்போது எந்த அலர்ட்டும் வராது, எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். எந்தக் கோளாறு ஆபத்து என்று கேட்டால், எங்க வேலையில் இருக்கிற யாரும் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

ராத்திரியில் ஏன் கூடுகிறது? பகலில் நடை, வேலை, பேச்சு என்று மூளைக்கு ஆயிரம் செய்தி வருகிறது. ராத்திரி அமைதியில் காலிலிருந்து வரும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது. அதோடு, பொய் சிக்னல் நாள்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் முதுகுத்தண்டும் மூளையும் அந்தச் சத்தத்தைத் தாங்களே பெரிதாக்க ஆரம்பித்துவிடும். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும், மனசும் சோர்ந்துபோகும். மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். வீட்டில் இருப்பவர்கள் "அவங்களுக்கு எப்பவும் இதே பேச்சு" என்று ஒதுக்காதீர்கள். காலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலி நிஜம்.

வலி இல்லாததுதான் ஆபத்து: வேலூர் சொன்ன பாடம்

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் முக்கியமானது நம்ம தமிழ்நாடு. ஆனால் அது சர்க்கரை நோயில் தொடங்கவில்லை, தொழுநோயில் தொடங்கியது.

பால் பிராண்ட் என்று ஒரு அறுவை மருத்துவர். 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே நோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். விரல்கள் குறைந்து, புண்ணாகி. அந்தக் காலத்து நம்பிக்கை, நோய் தானாகவே சதையை அழுக வைக்கிறது என்பது. பிராண்டுக்கு அதில் சந்தேகம்.

அவர் சொன்ன ஒரு சம்பவம் பிரபலம். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் உள்ள ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவ்வளவு பலமா என்று பார்த்தால், தரையில் ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு வரைக்கும் வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கெல்லாம் வலி "போதும், நிறுத்து" என்று சொல்லியிருக்கும். அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதன்பிறகு பிராண்டும் அவர் குழுவும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், ஆணி, இறுக்கமான செருப்பு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம். சிலருக்குத் தூங்கும்போது விரலை எலி கடித்திருந்தது. வலி இல்லாததால் விழிக்கவே இல்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையைக் கொடுத்து அனுப்புவது. எனக்கு ரொம்பப் பிடித்த பொறியியல் தீர்வு இது. கண்டுபிடிப்பின் சாரம்: சதை தானாக அழுகவில்லை. உணர்வு போனதால் காயம் பட்டது, காயம் பட்டது தெரியாததால் பெரிதானது.

வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் காலுக்கு மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு உருவானது. இன்றைக்கு நம்ம கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சர்க்கரை நோயாளிகளுக்கு விற்பது அந்த வழியில் வந்ததுதான். 1966ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களையும் பார்த்தார். அதே கதை. பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்படி மாவுக்கட்டுப் போடும் முறையையும் அங்கே கொண்டுபோனார். அந்த முறையை 1930களிலேயே செய்தவர் இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால். இன்றைக்கும் சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு உலகம் முழுக்க அந்தக் கட்டைப் போடுகிறார்கள்.

கார்வில்லில் பிராண்ட் இன்னொன்றும் முயன்றார். எஞ்சினியர்களைக் கூட்டிச் செயற்கை வலி செய்ய. கையுறையிலும் சாக்ஸிலும் சென்சார். அழுத்தம் அதிகமானால் காதில் பீப் சத்தம். ஆட்கள் சத்தத்தைக் கேட்டார்கள், ஆனாலும் வேலையைத் தொடர்ந்தார்கள். சத்தம் வேண்டாம், அக்குளில் மின் அதிர்ச்சி என்று மாற்றினார்கள். ஒரு கடினமான வேலை செய்ய வேண்டி வந்தால் அதற்கு முன்னால் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்தார்கள்! பல வருட உழைப்பு, திட்டம் கைவிடப்பட்டது. வலியை மதிக்கக் காரணமே அதை நம்மால் அணைக்க முடியாது என்பதுதான் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார்.

எனக்கு இதில் கிடைத்த பாடம் இதுதான். போன அலர்ட்டுக்கு மாற்றாக இன்னொரு அலர்ட் வைத்து நம்பாதே. பழக்கத்தை வை. கால் பேசாது என்று தெரிந்தால், தினமும் நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சிக்குப் பதில்: வீட்டில் ஒரு சோதனை

இப்போது அண்ணாச்சி கேட்டதற்கு வருவோம். எரிச்சல் நின்றது தேறியதாலா, நரம்பு பட்டுப்போனதாலா?

டாக்டர்கள் இதற்கு ஒரு நைலான் இழை வைத்திருப்பார்கள். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அது பட்டதே தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று பொருள். இசைக்கவையைத் தட்டி எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்.

வீட்டிலேயே செய்ய இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனை ஒரு எளிய முறையைச் சொன்னது. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒன்று இரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தெரியும்போது "வலது", "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி, உங்க வீட்டில் பிள்ளைகளைவிட்டு இன்றைக்கே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஆறும் தெரிந்தால் சந்தோஷம், ஆனாலும் டாக்டரிடம் ஒருதடவை காலைக் காட்டுங்க. தெரியவில்லை என்றால், எரிச்சல் போனது குணம் இல்லை. பயப்பட வேண்டாம், ஆனால் உங்க காலை இனி நீங்கதான் காவல் காக்கணும்.

டைப் 2 சர்க்கரை நோய் இருந்தால், நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்ய வேண்டும். டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து ஆரம்பிக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, "காலையும் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

எல்லாக் கால் வலியும் நரம்பு வலி இல்லை

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக்கூடாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகி, நடந்தால் மறுபடி வந்தால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வேறு வைத்தியம். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் வெட்டி இறங்கினால் முதுகுத்தண்டு. கையைத் தூக்கவோ பின்னால் கொண்டுபோகவோ முடியாமல் தோள் இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். அதற்குப் பிசியோதெரபி.

இன்னொரு முக்கியமான விஷயம் பி12. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அதுவும் இதே மதமதப்பையும் எரிச்சலையும் கொடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். பார்க்காமலே "நரம்பு ஊசி ஒண்ணு போடுங்க" என்று கேட்டு வாங்குவது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். பி12 குறைவாக இருந்தால் அந்த ஊசி நிஜமான மருந்து. சரியாக இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. தைராய்டு, சிறுநீரகம், குடிப்பழக்கம் இவையும் நரம்பைக் கெடுக்கும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மாத்திரை விஷயம்

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரிதாகக் கேட்காது. பாரசிட்டமால் வேலை செய்யாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை கேட்காததோடு, சர்க்கரையால் ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதனால் "வலிக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கடையில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

நரம்பு வலிக்கு முதலில் தரும் மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின் ஒரு பக்கம். பிரிகாபலின், காபாபென்டின் இன்னொரு பக்கம். இங்கேதான் ஒரு பிரச்சினை. மகனோ மகளோ அந்தப் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்தால் "மனச்சோர்வு மருந்து", "வலிப்பு மருந்து" என்று வரும். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும். இதை ஒருதடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் நரம்பு தானாகக் கத்துவதையும், அந்தச் சத்தத்தை முதுகுத்தண்டு பெரிதாக்குவதையும் குறைக்கின்றன. மனநோய் என்று நினைத்து யாரும் எழுதித் தரவில்லை.

எது சிறந்தது? 2022ல் பிரிட்டனில் 130 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் மூன்றில் எதில் ஆரம்பித்தாலும், போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தாலும், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 10க்கு 6.6 ஆக இருந்த சராசரி வலி 3.3 ஆக இறங்கியது. ஆகவே விலை அதிகமான மாத்திரைதான் நல்ல மாத்திரை என்று இல்லை. இந்த எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். வலி பூஜ்யம் ஆகவில்லை, பாதியாகிறது. ராத்திரி தூங்க முடிகிறது, மறுநாள் கடைக்கு நடந்து போக முடிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேக்கல" என்று விடாதீர்கள். பக்கவிளைவுகளும் உண்டு. அமிட்ரிப்டிலினில் வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம். இதயப் பிரச்சினை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிரிகாபலினில் தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். ராத்திரி எழுந்து கழிவறை போகும்போது விழுந்துவிடும் வாய்ப்பு இருப்பதால் விளக்குப் போட்டுக்கொண்டு எழுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இவற்றில் எதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, அடுத்த வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்கவும் கூடாது.

மாத்திரை வலியின் சத்தத்தைத்தான் குறைக்கிறது. நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதனால் மாத்திரையில் வலி அடங்கியவரும் தினமும் காலைப் பார்த்தே ஆக வேண்டும்.

சர்க்கரையைக் குறைத்தால் வலி போகுமா

டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993ல் வெளியான அமெரிக்க ஆய்வு, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வருவது சுமார் 60 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. டைப் 2 நோயில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. அங்கே ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, நடை எல்லாம் சேர்ந்துதான் பலன் தரும். இதனால் பாதிப்பு மேலே ஏறாமல் தடுக்கலாம், போன நரம்பு முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் கவனிக்காமல் விட்டு, திடீரென்று பயந்து இரண்டு மூன்று மாதத்தில் சர்க்கரையை வேகமாக இறக்கினால் சிலருக்கு வலி புதிதாகவும் கடுமையாகவும் வரும். "இன்சுலின் போட்டதும்தான் கால் எரிச்சலே வந்துச்சு" என்று சிலர் சொல்வது வெறும் கற்பனை இல்லை. அதற்காக இன்சுலினை நிறுத்த வேண்டியதில்லை. படிப்படியாக இறக்க வேண்டும், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நம்ம ஊர்க் காலுக்கு நம்ம ஊர்ப் பாதுகாப்பு

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இனி எங்க ஆற்றுப் பக்கத்துக்கு.

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் ஆற்று மணலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை, தார் ரோட்டில். உணர்வு உள்ள கால் சூடு பட்டதும் துள்ளும். உணர்வு இல்லாத கால் நின்றுகொண்டே இருக்கும். கொப்புளம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாலையிலோ சாயந்திரமோ போங்கள், தடித்த பருத்தி சாக்ஸ் போடுங்கள், உணர்வு போனவர் பாதயாத்திரைக்குப் பதிலாகப் பஸ்ஸில் போங்கள். முருகன் கோவிக்கமாட்டார்.

2023 டிசம்பர் 17, 18ல் வந்த வெள்ளத்தை எங்க பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, ஏரல் ஆற்றுப்பாலமே சேதமானது. அந்த வாரம் வீட்டுக்குள் சேறு, கண்ணாடி, முள் எல்லாம் கலந்து கிடந்தது. எல்லாரும் வெறுங்காலோடு அள்ளிக்கொட்டினார்கள். எங்க தெருவில் ஒரு பெரியவருக்குப் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியது இரண்டு நாள் தெரியவில்லை. பாயில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். அதனால் வெள்ளப் பையில் மாத்திரை, சீட்டு, இன்சுலினோடு ஒரு ஜோடி மூடிய செருப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது, ஐந்து நிமிடம்:

ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடி, குதிகால், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாதவர் கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் பார்வை குறைந்தவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு. பின்னால் வார் உள்ள செருப்பு நல்லது. போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

எரிகிறது என்று வெந்நீரில் காலை விடாதீர்கள். செங்கல் சுட்டு ஒத்தடம் கொடுப்பதும், வெந்நீர் பையும் வேண்டாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

காய்ந்து வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவக்கூடாது. அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், துடைத்துக் காயவிடுங்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், கடையில் வாங்கிய ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் கூடாது.

வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் நம்ம ஊர்ப் பெண்கள்தான். 2021 ஆகஸ்டிலிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. அவர்கள் வரும்போது மாத்திரையோடு கால் பற்றியும் சொல்லுங்கள், எங்கே போய்க் காட்டலாம் என்று கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

காயமோ கொப்புளமோ, வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்டுங்கள். "வலிக்கலையே, ஆறிடும்" என்ற வாக்கியம்தான் நிறையக் கால்களைத் தூக்கிக்கொண்டு போனது. நாற்றம், சீழ், விரல் கறுத்துப்போவது, கூடவே காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ தூத்துக்குடி அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே ஓடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, ஆனால் புண்ணும் இல்லை, பெரிய வலியும் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஷார்கோ பாதம் என்று பெயர். அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சீக்கிரம் கட்டுப் போட்டால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம்.

சரி, இன்றைக்கு இவ்வளவுதான். இந்த எபிசோடைக் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வேலை. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் போனில் "சாப்பிட்டீங்களா, சுகர் எவ்வளவு" என்று கேட்பதோடு, "காலைப் பார்த்தீங்களா" என்றும் கேளுங்கள். அடுத்த எபிசோடில் கண் பரிசோதனை பற்றிப் பேசுவோம். கேள்விகளைக் குரல் பதிவாக அனுப்புங்கள்.